காற்றில் வரும் இணையம் ஏன் அறுந்து அறுந்து போகிறது?

"லைன் போச்சு!"

இந்தக் குரல் எழாத சிறு அலுவலகம் நம் நாட்டில் உண்டா? லோரிக் குத்தகைக்காரரின் அறையாக இருக்கட்டும், கூட்டுறவுச் சங்கத்தின் கிளையாக இருக்கட்டும், கோவில் நிருவாக அறையாக இருக்கட்டும், ஏன், எங்களைப் போன்ற தோட்டப் பள்ளியின் அலுவலகமாகவே இருக்கட்டும். வாரத்தில் நாலு தடவையாவது அது கேட்கிறது. உடனே ஒருவர் எழுந்துபோய் மூலையில் இருக்கும் 'ரவுட்டர்' பெட்டியின் மின்சாரத்தை அணைத்து, பத்து எண்ணி, மறுபடியும் போடுகிறார். பெட்டி கண் சிமிட்டுகிறது. இணையம் வந்துவிடுகிறது. மறுநாள் அதே கதை.

அணைத்துப் போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. தலைவலிக்குப் பனடோல் போடுவதைப் போன்றது அது. வலி அடங்கும், வந்த காரணம் தெரியாது.

முன்பெல்லாம் இது வெறும் சலிப்போடு போகும். இப்போது அப்படி இல்லை, வாசக அன்பர்களே. ஊழியர் சேமநிதிச் சந்தாவை முதலாளிமார் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். உள்ளூர்த் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் 11 விழுக்காடும், முதலாளி சேர்க்கும் 12 அல்லது 13 விழுக்காடும் இணையம் வழியாகத்தான் போகின்றன. சொக்சோவுக்கும் அதே 15ஆம் தேதிதான். 2024 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து வருமான வரி வாரியம் மின் விலைப்பட்டியலையும் படிப்படியாகக் கொண்டு வந்துவிட்டது. தேதி தவறினால் தாமதக் கட்டணம். அந்தக் கட்டணத்தைவிடப் பெரியது, "யார் தவறு?" என்ற கேள்வி. அந்தக் கேள்வி வந்ததும் எல்லார் கண்ணும் கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் கிராணி மேல்தான் விழும்.

அப்படிக் கண்கள் விழுந்தது என்னிடம் படித்த ஒரு பெண்மேல்தான். அவள் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

குழாய் வேறு, வாளி வேறு

'வைஃபை' வேறு, இணையம் வேறு. நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. லயத்து வரிசைக்கு நடுவே ஒரு பொதுக்குழாய் இருக்கும். அதுவரை தண்ணீரைக் கொண்டு வருவது தண்ணீர்க் குழாயின் வேலை. குழாயடியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வருவது வாளியின் வேலை. வாளியில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வாரியத்தைத் திட்டி என்ன பயன்?

சாலையிலிருந்து கண்ணாடி இழை வழியாகச் சுவரிலுள்ள பெட்டி வரை வருவதுதான் இணையம். அந்தப் பெட்டியிலிருந்து உங்கள் கணினிக்குக் காற்றில் தாவி வருவது வைஃபை. ஆகவே முதல் சோதனை இதுதான்: ஒரு கணினியை வயர் மூலம் ரவுட்டரோடு நேராக இணைத்துப் பாருங்கள். வயரில் நன்றாக ஓடி, காற்றில் மட்டும் தடுமாறினால் குற்றம் வாளியில். வயரிலும் தடுமாறினால் குழாயைப் பார்க்க வேண்டும். இழை வந்து சேரும் பெட்டியில் 'லாஸ்' என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளியே வரவில்லை என்று பொருள். அப்போது நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான்.

இன்னும் நுட்பமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் கணினியில் 'பிங்' என்னும் கட்டளையைப் பயன்படுத்தலாம். "இருக்கிறாயா?" என்று குரல் கொடுத்து, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை அது. ஒரு சாளரத்தில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), இன்னொன்றில் வெளியே உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்கும் தொடர்ந்து குரல் கொடுக்கச் செய்யுங்கள். ரவுட்டர் சில மில்லி விநாடிகளில் பதில் சொல்லி, வெளி முகவரி மட்டும் மௌனமானால் குழாயில் கோளாறு. பக்கத்து அறையில் இருக்கும் ரவுட்டரே பதில் சொல்லத் திணறினால், சந்தேகமே வேண்டாம், காற்றில்தான் கோளாறு.

ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கும் முறை

காற்றில் கணினிகள் பேசிக்கொள்ளும் கலை நேற்று வந்ததல்ல. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்பவரும் அவர் குழுவினரும் 'அலோகாநெட்' என்ற ரேடியோ வலையை அமைத்தார்கள். தீவுக்குத் தீவு கம்பி இழுக்க முடியாத இடம் அல்லவா! இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசிச் செய்தி மோதிக்கொண்டால், ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் அனுப்பும். 1997இல் வெளிவந்த வைஃபை விதிமுறை அந்த வழியில் இன்னும் ஒரு படி போயிற்று: பேசுமுன் காதுகொடுத்துக் கேள், யாரும் பேசாவிட்டால் பேசு. 'வைஃபை' என்ற பெயர் 1999இல்தான் வந்தது.

வகுப்பறை நடத்துகிறவர்களுக்கு இது பழகிய விதி. முப்பது பிள்ளைகள், ஒரு நேரத்தில் ஒரு குரல். ஆகவே ஒரு ரவுட்டரைச் சுற்றி எத்தனை கருவி சேர்கிறதோ அத்தனை பேரும் ஒரே காற்றைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அதிலும் ஒன்று கவனியுங்கள்: எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பிள்ளை எழுந்து நின்றால், ஒரே பத்திக்கு அவன் எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தூரத்தில் இருந்துகொண்டு, பலவீனமான அலையில், பழைய கைப்பேசி ஒன்று பேசினால் இதே கதைதான். அது மெதுவாகப் பேசுகிறது; வேகமான புதுக் கணினியும் அதற்காகக் காத்து நிற்கிறது.

மாடியில் ஓர் அலுவலகம்

இனி அந்தப் பெண்ணின் கதை. பேராக்கில் ஒரு சிறு பட்டணம். கடைவீட்டின் மாடியில் போக்குவரத்துக் குத்தகை அலுவலகம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். லோரி ஓட்டுநர்கள் தனி. கடைவீடுகளின் அமைப்புத்தான் உங்களுக்குத் தெரியுமே. முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம். ரவுட்டர் முன்னறையில் முதலாளியின் மேசையருகே. சம்பளக் கணக்குப் பார்க்கும் என் மாணவியின் இடம் பின்கோடியில், தேநீர் கலக்கும் மூலைக்குப் பக்கத்தில். நடுவே ஒரு செங்கல் சுவரும், கோப்புகள் நிறைந்த இரும்பு அலமாரிகள் நான்கும்.

தொடர்ந்து இரண்டு மாதம் சேமநிதிப் பட்டியல் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேரவில்லை. பட்டியலை ஏற்றும்போது பாதியில் தொடர்பு அறுந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, கடைசியில் நாள் தாண்டிவிட்டது. முதலாளி கெட்டவர் அல்லர். ஆனால் அபராதக் கடிதம் வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"ஏம்மா, முன்னாடி இருக்கிற எங்களுக்கெல்லாம் நல்லாத்தானே வருது? உனக்கு மட்டும் எப்படிப் போகும்?" என்று எல்லார் முன்னிலும் கேட்டுவிட்டாராம். மூன்றாம் மாதமும் தவறினால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்ற பேச்சும் அவள் காதுக்கு வந்திருக்கிறது.

ஒரு சனிக்கிழமை என்னைத் தேடி வந்தாள். "டீச்சர், எனக்கு வேலை தெரியலைன்னு சொல்றாங்க. நான் பொய் சொல்றேன்னுகூட நினைக்கிறாங்க" என்றாள். பள்ளியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்வதால் இந்தப் பெட்டிகளோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்தபோது, முதலாளி சொன்னதிலேயே ஒரு தடயம் இருந்தது. முன்னறைக்கு வருகிறது, பின்னறைக்கு வரவில்லை. அப்படியானால் குழாய் சரி; வாளியைத்தான் பார்க்க வேண்டும்.

கடையில் ஒரு '555' நோட்டு வாங்கி அவளிடம் கொடுத்தேன். மளிகைக்கடையில் பற்று எழுதுவார்களே, அதே சின்ன நோட்டுத்தான். "ஒரு வாரம் எதையும் மாற்றாதே. லைன் போகும் ஒவ்வொரு தடவையும் நாலே விவரம் எழுது: மணி என்ன, யாருக்குப் போனது, திரையில் என்ன வந்தது, அப்போது அலுவலகத்தில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது" என்றேன். நான்காவது கேள்வியைக் கேட்டு அவள் சிரித்தாள்.

நோட்டு சொன்ன மூன்று கதைகள்

வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டியபோது, ஒரு நோய் என்று நினைத்தது மூன்று நோயாக இருந்தது.

முதல் வகை, நண்பகல் 12.45க்கும் 1.15க்கும் நடுவே. பின்னறைக்கு மட்டும். இரண்டு மூன்று நிமிடம் போகும், வரும், மறுபடியும் போகும். நான்காவது கட்டத்தில் அவள் எழுதியிருந்தது: "எல்லாரும் சாப்பாடு சூடு பண்றாங்க."

மைக்ரோவேவ் அடுப்பு! அது ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில் சோற்றைச் சூடாக்குகிறது. வைஃபையின் பழைய அலைவரிசையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். அடுப்பின் சக்தி எழுநூறு, ஆயிரம் வாட். ரவுட்டர் அனுப்புவதோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. கதவு இடுக்கில் கசியும் துளியும்கூட, அறுபதடி தாண்டிச் சுவரையும் இரும்பையும் துளைத்துக் களைத்து வரும் அலையை மூழ்கடிக்கப் போதுமானது. நல்ல நிலையிலுள்ள அடுப்பின் அந்தக் கசிவால் உடம்புக்குக் கேடில்லை. தாய்மார்கள் பயப்பட வேண்டாம்.

மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் தொந்தரவில்லாமல் பட்டியலை ஏற்றிவிடலாம் என்று இந்தப் பெண் சாப்பிடாமல் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள். அதே நேரத்தில் இரண்டு கை தூரத்தில் அடுப்பு ஓடியிருக்கிறது. முதலாளியை நேரில் அழைத்துக் காட்டினோம். ஒரு கோப்பைத் தண்ணீரை அடுப்பில் வைத்து ஓட விட்டு, கணினியில் 'பிங்' பதில்களைப் பார்க்கச் சொன்னோம். வரிசையாக வந்த பதில்கள் தடுமாறி நின்றன. அடுப்பு 'டிங்' என்று நின்றதும் மறுபடியும் ஓடின. அவர் ஒன்றும் பேசவில்லை. அடுப்பைத் தாமே தூக்கிக்கொண்டு போய்ப் பின்படிக்கட்டுப் பக்கம் வைத்தார்.

இரண்டாம் வகை, காலையில். கணினியைத் திறந்ததும் "வைஃபை உண்டு, இணையம் இல்லை" என்று வரும். சில நாள் அவளுக்கு, சில நாள் இன்னொருவருக்கு. மறுபடியும் திறந்தால் சில வேளை சரியாகும். இதுதான் ஆளைக் கிறுக்காக்கும் வகை. காரணம் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பின்னறைக்கு அலை எட்டவில்லை என்று முன்னொரு காலத்தில் உறவுக்காரப் பையன் ஒருவன் முன்னறையிலிருந்து வயர் இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றை அங்கே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தப் பழைய பெட்டியும் தன்னையே தலைமைப் பெட்டி என்று எண்ணிக்கொண்டு கணினிகளுக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு பள்ளிக்கு இரண்டு தலைமையாசிரியர்கள் இருந்து, இருவரும் கால அட்டவணை கொடுத்தால் எப்படி இருக்கும்? கணினி விழித்ததும் "எனக்கொரு முகவரி தாருங்கள்" என்று கேட்கும். எது முந்திப் பதில் சொல்கிறதோ அதையே நம்பும். முன்னறைப் பெட்டி முந்தினால் 192.168.1 என்று தொடங்கும் முகவரி; இணையம் வரும். பழைய பெட்டி முந்தினால் 192.168.0 என்று தொடங்கும் முகவரி. அது காட்டும் வாசலோ வெளியுலகத்துக்குத் திறக்காத வாசல். மருந்து எளிது. பழைய பெட்டிக்குள் நுழைந்து, முகவரி கொடுக்கும் வேலையை, அதாவது 'டி.எச்.சி.பி.' என்பதை, அணைத்தோம். அதற்குத் தலைமைப் பெட்டியின் வரிசையிலேயே யாருக்கும் தராத ஓர் எண்ணைக் கொடுத்தோம். வயர் 'லான்' என்று குறித்த துளையில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். இப்போது அது வெறும் துணை ஆசிரியர். மேலும், அந்தப் பெட்டியிலிருந்து என் மாணவியின் கணினிக்கு ஒரு சிறு வயரைப் போட்டுவிட்டோம். மொத்தச் செலவு அந்த வயர் மட்டுமே. பணம் சம்பந்தப்பட்ட வேலை செய்யும் கணினி எதுவோ, அதற்கு வயர் போடுங்கள். இது என் உறுதியான கருத்து. சாதாரண வலைவயர் 100 மீட்டர் வரை தாங்கும். எந்தக் கடைவீட்டுக்கும் அது தாராளம்.

மூன்றாம் வகை, மாலை ஐந்து மணிக்குமேல். முன்னறையில்கூட எல்லாருக்கும் மந்தம். வயர் போட்ட கணினிக்கு மட்டும் குறையில்லை. நோட்டில் "டிரைவருங்க வந்துட்டாங்க" என்று இருந்தது. லோரிகள் திரும்பும் நேரம் அது. ஓட்டுநர்கள் கீழே அஞ்சடியில் கோப்பி குடித்துக்கொண்டே கைப்பேசியைத் திறப்பார்கள். பகலெல்லாம் எடுத்த படங்கள் தாமாக மேலேறத் தொடங்கும். கீழ்த்தளம், காங்கிரீட் தரை, பலவீனமான அலை. நான் சொன்னேனே, எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள். ஒரே நேரத்தில் பத்துப் பேர்!

"கடவுச்சொல்லை மாற்றிவிடலாமா, அவர்களுக்கு வேண்டாம்" என்றார் முதலாளி. நான் சம்மதிக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவர் அந்த நேரத்தில்தான் பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில் பார்க்கிறார். ரவுட்டரில் 'விருந்தினர் வலை' என்று தனியாக ஒன்று திறக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதை 2.4 அலைவரிசையில் வேக வரம்போடு ஓட்டுநர்களுக்குத் திறந்தோம். அலுவலகக் கணினிகளை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினோம். விருந்தினர் வலையில் இருப்பவர்கள் அலுவலகக் கோப்புகளை எட்ட முடியாது என்பது கூடுதல் லாபம்.

அலைவரிசை பற்றி இன்னும் கொஞ்சம்

5 கிகாஹெர்ட்ஸ் என்றால் எப்போதும் சிறந்தது என்று கொள்ள வேண்டாம். அது வேகம், இடமும் தாராளம். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவாகப் போனாலும் தூரம் போகும். அதில் பதின்மூன்று தடங்கள் உண்டு என்று எண் போட்டிருப்பார்கள். உண்மையில் ஒன்றோடொன்று உரசாமல் நிற்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். தடங்களுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஒரு பேச்சு அடைத்துக்கொள்வதோ ஏறத்தாழ 20. கெட்டிக்காரத்தனமாக 3ஆம் தடத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு இரண்டு பக்கத்துச் சத்தமும் வந்து விழும்.

பிள்ளைகள் குறைந்த பள்ளிகளில் இரண்டு வகுப்பை ஒரே அறையில் நடத்துவதுண்டு. ஒரே ஆசிரியரின் கட்டுப்பாட்டில் முறைவைத்துப் பேசினால் பாடம் நடக்கும். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறொருவர் கத்திக்கொண்டிருந்தால்தான் தலை வெடிக்கும். அதனால் பக்கத்துக் கடையும் 6, நீங்களும் 6 என்றால்கூட முறைவைத்துப் பேசிக்கொள்ளலாம். 6க்கும் 1க்கும் நடுவில் போய் உட்காராதீர்கள். அண்டையில் யார் எந்தத் தடத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும் இலவசச் செயலிகள் கைப்பேசிக்குக் கிடைக்கின்றன.

அதே செயலி அலையின் பலத்தையும் காட்டும். கழித்தல் 50 என்றால் அருமை. கழித்தல் 67 வரை வேலைக்கு ஆகும். கழித்தல் 80 என்றால் பெயருக்குத்தான் தொடர்பு. எண் பெருகப் பெருகப் பலம் குறைகிறது என்பதை மறக்காதீர்கள்.

ரவுட்டரை எங்கே வைப்பது? உயரமாக, வெட்டவெளியாக, முடிந்தவரை நடுவில். இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். விளக்கைக் குடத்துக்குள் வைப்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. மீன்தொட்டிக்குப் பின்னாலும் வேண்டாம்; தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடும். நம் நாட்டு வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் காற்றோட்டமில்லாமல் வைத்தால் பெட்டி சூடேறித் தானே நின்றுபோவதும் உண்டு. மின்மாற்றித் தலை பழசாகி அடிக்கடி பெட்டி தானே அணைந்து எழும்பினால், அதே வோல்ட்டு, தேவையான ஆம்பியர் உள்ள வேறொன்றை மாற்றிப் பாருங்கள்.

வேகமான யுஎஸ்பி சேமிப்புப் பெட்டியை வைஃபை குச்சிக்குப் பக்கத்துத் துளையில் சொருகினாலும் 2.4 அலை கெடும். 2012இல் இன்டெல் நிறுவனமே இதை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. குச்சியை ஒரு நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தால் போதும்.

இரவுச் சந்தையில் 'பூஸ்டர்' என்று விற்கிறார்களே, அதைப் பற்றியும் கேட்கிறார்கள். அது கேட்டதையே திரும்பச் சொல்லும் கிளி. எல்லாம் இரண்டு தடவை பேசப்படுவதால் எளிய வகைகளில் வேகம் பாதியாகிவிடும். அலையே எட்டாத மூலையில் அதை மாட்டினால், அரைகுறையாகக் கேட்டதைத்தான் திரும்பச் சொல்லும். மாட்டுவதானால் பாதி வழியில், அலை இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். வயர் இழுக்க வழி இருந்தால் அந்தப் பணத்தை வயருக்குச் செலவிடுங்கள்.

வயரில் சோதித்தும் கோளாறு குழாயில்தான் என்று தெரிந்தால், சேவை நிறுவனத்தை அழைக்குமுன் உங்கள் நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "அடிக்கடி போகுது" என்றால், "அணைத்துப் போடுங்கள்" என்றுதான் பதில் வரும். "இந்தத் தேதியில் இத்தனை மணிக்கு, வயரில் இணைத்த கணினியிலும், இத்தனை நிமிடம் போனது" என்றால் ஆளை அனுப்பாமல் தட்டிக்கழிப்பது கடினம். அவர்கள் தரும் புகார் எண்ணையும் அதே நோட்டில் எழுதுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம்.

அந்தப் பெண்ணின் மூன்றாம் மாதப் பட்டியல் 12ஆம் தேதியே போய்ச் சேர்ந்துவிட்டது. முதலாளி எல்லார் முன்னிலும் சொன்னதை எல்லார் முன்னிலும் திருத்திக்கொள்ளவில்லை. அது எனக்குக் கொஞ்சம் குறைதான். ஆனால் அடுத்த வாரம் அச்சு இயந்திரம் மக்கர் பண்ணியபோது, "அந்த நோட்டை எடுத்துட்டு வாம்மா, எழுதுவோம்" என்றாராம்.

மழைக்காலம் வருகிறது, ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன். இடி முழங்கத் தொடங்கியதும் ரவுட்டரின் மின்வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்னல் ஓடாது. மின்கம்பியில் ஓடும், அறைக்கு அறை இழுத்த வலைவயரிலும் ஓடும். மழை விட்டதும் மறுபடியும் சொருகினால் பெட்டி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் அதை அணைத்துப் போடாதீர்கள்.